கொடை ஏரி: செடியை அள்ளிக்கொண்டே இருக்கிறோம், ஏன் தீரவில்லை?

6 ஏப்ரல், காலை. நாயுடுபுரத்தான்
ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலயும் கொடைக்கானல் ஏரியில செடி அள்ளுறாங்க. லாரி லாரியா போகுது. அடுத்த சீசனுக்குள்ள திரும்ப அதே அளவு வளந்துடுது. என் கருத்து இதுதான்: அடிச்சேறு முழுசையும் ஒரே தடவையா தூர்வாரிட்டு, நடுவுல நாலு பெரிய ஃபவுண்டன் போட்டா ஏரி சரியாயிடும். காசு மட்டும்தான் பிரச்சினை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

6 ஏப்ரல், இரவு. கரையோரம்
காசைவிடப் பெரிய பிரச்சினை, எதை முதலில் செய்வது என்பது. ஏரிக்குள் கழிவோடு வந்து செடிக்கு உரமாகும் பாஸ்பரஸை நிறுத்தாமல் வேறு எதைத் தொட்டாலும் செடி திரும்ப வரும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஏரி சுமார் 24 ஹெக்டேர். சராசரி ஆழம் 3 மீட்டர். அப்படியென்றால் கொள்ளளவு 7,20,000 கன மீட்டர், அதாவது 72 கோடி லிட்டர். ஏரி நீரில் மொத்தப் பாஸ்பரஸ் லிட்டருக்கு 35 மைக்ரோகிராமைத் தாண்டினால் அது ஊட்டம் மிகுந்த ஏரி என்பது பொதுவான வரையறை. இந்த முழு நீரிலும் லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் கூட்ட எவ்வளவு பாஸ்பரஸ் தேவை? 14.4 கிலோ. ஒரு கோணிப்பையில் அடங்கிவிடும்.

ஒரு ஆளின் மலம், சிறுநீர், சோப்புத்தூள் எல்லாம் சேர்த்து நாளைக்கு 1.5 கிராம் பாஸ்பரஸ் என்று வையுங்கள். 40 அறை, 80 படுக்கை உள்ள ஒரு லாட்ஜ் நிறைந்திருந்தால் நாளைக்கு 120 கிராம். கழிவு நேராக ஓடையில் இறங்கினால் அந்த 14.4 கிலோ சேர 120 நாள் போதும். ஒரே ஒரு லாட்ஜுக்கு.

இப்போது செடிப் பக்கம் வாருங்கள். ஆகாயத்தாமரையில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு டன் ஈரச்செடியைக் காயவைத்தால் 50 கிலோ தேறும், அதில் பாஸ்பரஸ் 200 கிராம் அளவில்தான் இருக்கும். 14.4 கிலோவை வெளியேற்ற 72 டன் அள்ள வேண்டும். அந்த லாட்ஜின் கழிவை ஈடுகட்ட மட்டும் இரண்டு நாளைக்கு ஒரு டன்னுக்கு மேல். லாரி லாரியாகப் போயும் தீராததற்குக் காரணம் இதுவே.

7 ஏப்ரல். கரையோரம்
நேற்று விட்டுப்போன ஒன்று. உள்ளே போன பாஸ்பரஸ் எல்லாம் நீரிலேயே நிற்காது. ஒரு பங்கு மறுகாலில் வழிந்து போகும், பெரும்பங்கு சேற்றில் படியும். ஆகவே 120 நாளில் ஏரி கெட்டுவிடும் என்று படிக்க வேண்டாம். வரவையும் செலவையும் ஒரே தராசில் வைக்க மட்டுமே அந்தக் கணக்கு. ஆனால் சேற்றில் படிந்தது தொலைந்துவிடவில்லை, பிறகு சொல்கிறேன்.

அள்ளிய செடியைக் கரையில் குவித்து வைப்பதும் கூடாது. சில நாளில் அழுகி, சாறு வடிந்து, அதே பாஸ்பரஸ் ஏரிக்கே திரும்பும். அள்ளிய அன்றே ஏரிக்குத் தண்ணீர் வடியாத சரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். ஹைட்ரில்லா போன்ற நீருக்கடிச் செடிகளை இயந்திரத்தால் நறுக்கினால், ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாக வேர்பிடிக்கும். நறுக்கும் இடத்தைச் சுற்றி மிதவை வலை கட்டி, மிதக்கும் துண்டுகளை அன்று மாலைக்குள் எடுத்துவிட வேண்டும்.

9 ஏப்ரல். லாட்ஜ் மேனேஜர்
எல்லாரும் லாட்ஜையே குறை சொல்றீங்க. எங்ககிட்ட செப்டிக் டேங்க் இருக்கு சார். கழிவு அதுலதான் போகுது.

9 ஏப்ரல், இரவு. கரையோரம்
சார், உங்களைக் குறை சொல்லவில்லை. டேங்க் இருப்பது நல்லது. மூன்றை மட்டும் பாருங்கள்.

முதலாவது, டேங்கில் எது விழுகிறது? பெரும்பாலான கட்டடங்களில் கழிப்பறைக் குழாய் மட்டும் டேங்குக்குப் போகும். குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடம் மூன்றும் தெருக் கால்வாயில் விடப்பட்டிருக்கும். தங்கும் விடுதிக்குப் படுக்கைக்கு 180 லிட்டர் என்பது கட்டட விதிக் கணக்கு, அதில் 80 சதவீதம் கழிவாகும். 80 படுக்கைக்கு நாளைக்கு 11,500 லிட்டர். இதில் கழிப்பறைப் பங்கு சிறியது, மீதி முழுக்கக் கால்வாயில் ஓடுகிறது. விரிப்பு துவைக்கும் தூளில் பாஸ்பேட் இருக்கிறதா என்று பொட்டலத்தைப் பாருங்கள். ‘ட்ரைபாலிபாஸ்பேட்’ என்று போட்டிருந்தால் அது இல்லாத தூளுக்கு மாறுங்கள். ஒரு ரூபாய் கட்டட வேலை இல்லாமல் இன்றே செய்யக்கூடியது இது ஒன்று.

இரண்டாவது, டேங்கிலிருந்து வெளியேறும் நீர் எங்கே போகிறது? செப்டிக் டேங்க் பாஸ்பரஸில் நாலில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். மீதியைப் பிடிப்பது மண். நம் மலையின் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் நிறைய, பாஸ்பேட்டை இறுகப் பிடித்து வைக்கும். ஆனால் நீர் உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குள் இறங்கினால்தான் அது நடக்கும். குழி அடைத்துக்கொண்டதும் ‘ஓவர்ஃப்ளோ’ என்று ஒரு பைப்பைக் கால்வாயில் சொருகி விடுகிறார்கள், அதோடு மண்ணின் வேலை போச்சு. குழிக்கு இடம் சரியா என்று பார்க்க, குழியின் ஆழத்தில் 30 செ.மீ. பள்ளம் தோண்டி, முதல் நாள் முழுக்க நனையவிட்டு, மறுநாள் நீர் 2.5 செ.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 30 நிமிடத்துக்கு மேல் போனால் அங்கே உறிஞ்சுகுழி வேலை செய்யாது. குடிநீர் ஊற்றுக்கோ கிணற்றுக்கோ 18 மீட்டருக்குள்ளும் வைக்கக்கூடாது.

மூன்றாவது, டேங்கை எப்போது கடைசியாக எடுத்தீர்கள்? கீழ்நாட்டில் 28 டிகிரியில் மக்குவது போல இங்கே 15 டிகிரியில் மக்காது, சேறு சீக்கிரம் ஏறும். ஒரு நீளக் கம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடிவரை இறக்கி, சில நிமிடம் கழித்து மெதுவாக எடுங்கள். கறை படிந்த உயரம்தான் சேற்றின் உயரம். அடிச்சேறும் மேலே மிதக்கும் ஆடையும் சேர்ந்து நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் வண்டியைக் கூப்பிட வேண்டும். அடியில் சில செ.மீ. விட்டு எடுங்கள், அடுத்த மக்கலுக்கு அதுவே விதை. எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்க வேண்டாம். உள்ளிருக்கும் வாயு ஆளைக் கொன்றுவிடும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றமும் கூட.

சமையலறைக்கு எண்ணெய்ப் பொறி வையுங்கள். உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் ஓடினால், நீர் அரை மணி தங்க 900 லிட்டர் தொட்டி வேண்டும். சிங்க் அடியில் வைக்கும் 50 லிட்டர் பெட்டியில் வெந்நீர் எண்ணெயைக் கரைத்துக்கொண்டே வெளியே போய்விடும். ஆடையும் அடிச்சேறும் ஆழத்தில் கால் பங்கை எட்டினால் அள்ளிவிடுங்கள்.

16 ஏப்ரல். நாயுடுபுரத்தான்
சரி, ஒத்துக்கிறேன். ஆனா எந்தக் கால்வாயில எவ்வளவு வருதுன்னு யாருக்குத் தெரியும்? அளக்கவே முடியாதே.

17 ஏப்ரல். கரையோரம்
அளக்கலாம். ஒரு பிளைவுட் பலகையும் ஒரு டிடிஎஸ் மீட்டரும் போதும்.

மழை பெய்து நாலைந்து நாள் ஆனபிறகு கரையைச் சுற்றி நடந்து, ஏரியில் இறங்கும் ஒவ்வொரு வாயையும் வரைபடத்தில் குறியுங்கள். மழையில்லாத நாளில் ஓடுவது ஊற்றாக இருக்கலாம், கழிவாக இருக்கலாம். மூக்கை நம்ப வேண்டாம், குளிரில் நாற்றம் குறைவாகத்தான் தெரியும். மலை ஊற்று நீர் மென்னீர், மீட்டரில் 30 முதல் 80க்குள் நிற்கும். வீட்டுக் கழிவு கலந்தால் 200, 300 என்று ஏறும். ஓடையில் மேல்நோக்கி நடந்து, எந்தக் குழாய்க்குக் கீழே எண் தாவுகிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து ஓட்டம். 12 மி.மீ. பிளைவுட் பலகையில் சரியாக 90 டிகிரி வி வடிவ வெட்டு போடுங்கள். வெட்டின் விளிம்பை நீர் விழும் பக்கமாகச் சாய்த்துச் சீவிக் கூர்மையாக்குங்கள். பலகையை ஓடைக்குக் குறுக்கே நிறுத்தி, பக்கங்களைக் களிமண்ணால் அடையுங்கள். நீர் வெட்டு வழியாக மட்டும், பலகையை ஒட்டாமல் தள்ளி விழ வேண்டும். வெட்டின் அடிமுனையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்பதை, பலகைக்கு அரை மீட்டருக்கு மேல் பின்னால் தள்ளி அளக்க வேண்டும். பலகையை ஒட்டி அளந்தால் நீர் வளைந்து இறங்கும் இடம், குறைவாகக் காட்டும். 5 செ.மீ. என்றால் நொடிக்கு 0.8 லிட்டர். 10 என்றால் 4.4. 15 என்றால் 12. 20 என்றால் 25. உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடும், அதனால் ஒரு செ.மீ. பிழைகூடப் பெரிது.

பாஸ்பரஸ் மட்டும் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். பாட்டிலைச் சோப்பால் கழுவினால் சோப்பின் பாஸ்பேட்டைத்தான் அளப்பீர்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசி, வடிநீரில் கழுவிய பாட்டில் வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணிக்குள் சேர்ப்பது நல்லது.

நொடிக்கு 4.4 லிட்டர் ஓடும் ஓடையில் லிட்டருக்கு 3 மி.கி. பாஸ்பரஸ் இருந்தால், நாளைக்கு 380 கன மீட்டர், 1.1 கிலோவுக்கு மேல். ஐந்தரை டன் ஆகாயத்தாமரைக்குச் சமம், ஒரே நாளில், பத்து செ.மீ. உயரத்துக்கு ஓடும் ஒரு சின்ன ஓடையிலிருந்து.

27 ஏப்ரல். கரையோரம்
கோடை மழை தொடங்கிவிட்டது. முதல் மழையின் முதல் அரை மணி நீர்தான் ஆண்டிலேயே மோசமானது. மாதக்கணக்கில் கால்வாயில் தேங்கிய சேறும், சாலையின் எண்ணெயும், குப்பையும் ஒரே மூச்சில் இறங்கும். அதுவும் சீசன் கூட்டத்தோடு சேர்ந்து. கால்வாயைத் தூர்வார வேண்டிய மாதம் மார்ச். மே மாத விழாவுக்குக் கரையில் வண்ணம் அடிக்கும் பணத்தில் ஒரு பங்கு மார்ச்சில் கால்வாய்க்குள் போனால் நல்லது.

11 மே. பூங்காப் பக்கம்
ஏரியில மீட்டர் போட்டுப் பாத்தேன், ஆக்சிஜன் லிட்டருக்கு 6.6 மி.கி. தான் காட்டுது. புத்தகத்துல 9 இருக்கணும்னு போட்டிருக்கு. ஏரி செத்துக்கிட்டு இருக்கா?

11 மே. கரையோரம்
இல்லை, பதற வேண்டாம். 20 டிகிரியில் 9.1 மி.கி. என்பது கடல்மட்டக் கணக்கு. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் 77 சதவீதம்தான், ஆகவே முழுக் கொள்ளளவே 7 மி.கி. 15 டிகிரியில் 7.7. உங்கள் 6.6 என்பது 94 சதவீதம், நல்ல அளவு. மீட்டரில் உயரத்தைப் பதிந்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் மதியம் மேல்மட்டத்தில் அளந்திருப்பீர்கள். பகலில் பாசி ஆக்சிஜன் விடும், இரவில் அதுவே எடுக்கும். விடியும் முன், அடியிலிருந்து அரை மீட்டர் மேலே அளந்த எண்தான் ஏரியின் உண்மை நிலையைச் சொல்லும். குளிக்கத் தகுந்த நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வரையறை 5 மி.கி.க்குக் குறையக்கூடாது என்பது. மலையில் அது கடுமையான வரம்பு, ஏனென்றால் குறைய இடமே 2 மி.கி.தான்.

மீட்டர் இல்லாதவர்கள் தெளிவுத் தட்டு செய்யலாம். 20 செ.மீ. விட்டமுள்ள தகரத் தட்டு, நாலு கால் பாகமாகக் கறுப்பும் வெள்ளையும், அடியில் எடை, 10 செ.மீ.க்கு ஒரு குறி போட்ட இழுபடாத கயிறு. காலை 10 முதல் 2 மணிக்குள், படகின் நிழல் பக்கம் இறக்க வேண்டும். மறையும் ஆழம், திரும்பத் தெரியும் ஆழம், இரண்டின் சராசரி. 2 மீட்டருக்கு மேல் தெரிந்தால் பரவாயில்லை. ஒரு மீட்டர் எச்சரிக்கை. அரை மீட்டர் என்றால் நிலைமை முற்றிவிட்டது. கருவி இல்லாத பள்ளிப் பிள்ளைகளும் ஆண்டு முழுக்கச் செய்யலாம்.

24 மே. நாயுடுபுரத்தான்
குதிரைச் சாணத்தை யாரும் பேசலையே?

24 மே. கரையோரம்
பேச வேண்டியதுதான். நம் மட்டக் குதிரை ஒன்று நாளைக்கு 12 முதல் 15 கிராம் பாஸ்பரஸ் போடும், எட்டுப் பத்து ஆளுக்குச் சமம். கரைச் சாலையில் விழுவது அடுத்த மழையில் நேரே ஏரிக்கு. வாலுக்குப் பின்னால் கட்டும் சாணிப் பை போதும். குதிரைக்காரர்களுக்கு நகராட்சி பையைக் கொடுத்து, பையோடு வருபவருக்கு நிறுத்த இடத்தில் முன்னுரிமை தரலாம். சாணத்துக்குத் தோட்டக்காரர்களிடம் விலை இருக்கிறது. பிழைப்பைத் தடுக்காமல் முடிகிற வேலை இது.

8 ஜூன். காந்தல் வாசி
ஊட்டி ஏரிக்கும் இதே கதைதானே அண்ணே?

8 ஜூன். கரையோரம்
அதே நோய், இன்னும் முற்றியது. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1823 முதல் 1825க்குள் கட்டிய ஏரி. இன்றைய பேருந்து நிலையமும், முன்பு குதிரைப் பந்தயம் நடந்த திடலும் ஒரு காலத்தில் ஏரியின் பகுதிகள். பரப்பு சுருங்கியது, ஊர் பெருத்தது, இரண்டும் ஒரே நேரத்தில். கோடப்பமந்து கால்வாய் நகரின் நடுவே வந்து ஏரியில் இறங்குகிறது. ஊட்டி ஏரியோடு விஷயம் முடியவில்லை, வழியும் நீர் காந்தல் பக்கமாகக் காமராஜ் சாகருக்குப் போகிறது. மேலே தப்பினால் கீழே ஒரு அணைக்கு அது சேரும்.

அங்கே எடுத்துக்கொள்ள ஒரு பாடம் உண்டு. வெயில்கால ஓட்டத்தைத் தடுத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பினாலும், தடுப்பின் முன்னே குப்பைக் கம்பிவலை அடைத்துக்கொண்டால் நீர் தடுப்பைத் தாண்டி ஏரிக்கே போகும். மின்சாரம் நின்று பம்பு நின்றாலும் அதே. சரிவு இருக்கும் இடத்தில் பம்பே இல்லாமல் குழாயை இறக்க வேண்டும். கம்பிவலையைச் சீசனில் நாளைக்கு இருமுறை வாருவதற்கு ஆள் பெயர், நேரம், பதிவேடு மூன்றும் எழுதி வைக்காத திட்டம் ஒரு மழைக்காலம் தாங்காது.

19 ஜூலை. பூண்டுத் தோட்டம்
பூம்பாறைப் பக்கம் எங்க ஓடையில சேறுப் பொறி கட்டித் தர்றோம்னு சொல்றாங்க. 3 மீட்டருக்கு 2 மீட்டர். போதுமா?

20 ஜூலை. கரையோரம்
மணலுக்குப் போதும், வண்டலுக்குப் போதாது. நொடிக்கு 50 லிட்டர் வரும் ஓடையில் 0.1 மி.மீ. மணலைப் பிடிக்க 7 சதுர மீட்டர் பரப்பு வேண்டும், உங்கள் தொட்டி கிட்டத்தட்ட அந்த அளவு. ஆனால் பாஸ்பேட்டும் பூச்சிமருந்தும் ஒட்டிக்கொண்டு வருவது 0.02 மி.மீ.க்கும் கீழான நுண்வண்டலில். அது படிய 150 சதுர மீட்டர் தேவை. குளிர்ந்த நீர் தடித்திருப்பதால் கொஞ்சம் கூடுதலாகவே.

அதனால் தொட்டியைக் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி நிற்க வேண்டாம். நுண்வண்டலைத் தோட்டத்திலேயே நிறுத்த வேண்டும். சரிவுக்குக் குறுக்கே வரப்பு, பாத்திகள் மேலிருந்து கீழாக ஓடாமல் சமவரையில், ஓடைக்கும் கடைசிப் பாத்திக்கும் நடுவே உழாத புல்பட்டை சில மீட்டர். அடியுரமாக மொத்த டிஏபியையும் மழைக்கு முன் போடாமல் மண் பரிசோதனை பார்த்துப் பிரித்துப் போடுங்கள். கரைந்து போவது உங்கள் பணம்தான். தொட்டி பாதி நிறைந்ததும் அள்ளி, அந்த மண்ணை மேல்பாத்திக்கே திருப்பிப் போடுங்கள்.

14 ஆகஸ்ட். நாயுடுபுரத்தான்
சுத்திச் சுத்திப் பேசுறீங்க. என் முதல் கேள்விக்கு வாங்க. தூர்வாரலாமா, கூடாதா?

15 ஆகஸ்ட். கரையோரம்
கொடை ஏரியில் அதற்கு விடை சொல்வதற்கு முன் பாதரசத்தைப் பேசியாக வேண்டும்.

ஊரில் இயங்கி 2001-ல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையிலிருந்து வெளியேறிய பாதரசம் மண்ணிலும் காற்றிலும் பரவியது. 2006-ல் வெளியான ஆய்வு, கொடை ஏரியின் வண்டலில் பேரிஜம், குக்கல் ஏரிகளைவிட அதிகப் பாதரசத்தைக் கண்டது. நீரிலும் மீனிலும் இருந்தது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன, மீனின் சதையில் சேர்வது அந்த வடிவம். சமைத்தாலும் போகாது.

ஆக, பொக்லைனை இறக்கிச் சேற்றைக் கலக்கினால் புதைந்து கிடப்பது நீருக்குள் எழும். அள்ளிய சேற்றை ‘நல்ல வண்டல்’ என்று காய்கறித் தோட்டத்தில் கொட்டினால் பிரச்சினை தட்டுக்கு வரும். அதனால் பரிசோதிக்காமல் ஒரு வண்டிச் சேறுகூட வெளியே போகக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

முறை இது. 75 மி.மீ. பிவிசி குழாய், ஒன்றரை மீட்டர் நீளம், அடிவிளிம்பைச் சீவிக் கூராக்கியது. படகிலிருந்து நேராகச் சேற்றில் அழுத்தி, மேல்வாயை ரப்பர் அடைப்பானால் இறுக மூடி மெதுவாக இழுக்க வேண்டும். நீரை விட்டு வெளிவரும் முன் அடிவாயையும் மூட வேண்டும், இல்லையென்றால் சேறு நழுவிவிடும். 5 செ.மீ. துண்டுகளாகப் பிரித்து, ஐஸில் வைத்து, பாஸ்பரஸ், மொத்தப் பாதரசம், மெத்தில் பாதரசம் மூன்றும் பார்க்க வேண்டும். ஏரி நட்சத்திர வடிவம், ஒவ்வொரு கையும் தனித்தனி. ஓடை விழும் வாய் ஒவ்வொன்றிலும், ஒவ்வொரு கையின் நடுவிலும், ஆழமான இடத்திலும் எடுக்காமல் நாலு இடத்து மாதிரியைக் கலக்கிச் சராசரி சொன்னால் அது யாருக்கும் உதவாது.

எண்கள் வந்தபிறகு, ஏரி முழுக்க வேண்டாம். ஓடை வாய்களில் விசிறிபோலப் படிந்த புதுச்சேறுதான் பாஸ்பரஸ் அதிகமும், ஆழம் குறைவும், எடுக்க எளிதுமான இடம். சுற்றிலும் அடிவரை தொங்கும் வண்டல் திரை கட்டி, பம்பு வைத்து உறிஞ்சி, சேற்றைத் துணிக்குழாய்களில் நிரப்பி வடியவிட வேண்டும். வடியும் நீரைச் சோதித்த பிறகே ஏரிக்குத் திருப்ப வேண்டும். காலம் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை, ஓடைகள் மெலிந்திருக்கும்போது.

கழிவு வரும் ஓடைகளை மறித்துச் சுத்திகரிப்புக்குத் திருப்பாமல் இதைச் செய்தால் அந்த விசிறி திரும்பப் படியும். அதனால்தான் முதல் நாளே வரிசையைச் சொன்னேன்.

16 ஆகஸ்ட். கரையோரம்
ஏப்ரலில் செடியைப் பற்றி எழுதியதற்கும் இது பொருந்தும். கொடை ஏரிச் செடியை உரமாக்குவதற்கு முன் அதிலும் பாதரசம் பார்க்க வேண்டும், குறிப்பாகச் சேற்றோடு பிடுங்கிய வேர்களில். ஊட்டிச் செடிக்கும் இதே சோதனை ஒருமுறை நடக்கட்டும்.

7 செப்டம்பர். பூங்காப் பக்கம்
ஃபவுண்டன், பாக்டீரியா திரவம், படிகாரம். இந்த மூணுல எது தேறும்?

7 செப்டம்பர். கரையோரம்
ஃபவுண்டன் மேல் அரை மீட்டர் நீரை எடுத்து மேலேயே கொட்டுகிறது. ஆக்சிஜன் இல்லாதது அடியில். 2 குதிரைத்திறன் மோட்டார் நாள் முழுக்க ஓடினால் 36 யூனிட், பார்க்க அழகு, அவ்வளவே. அடியில் காற்றுக்குழாய் போடுவது வேறு விஷயம், ஆழமான இடத்தில் சரியாக வடிவமைத்தால் சேற்றிலிருந்து பாஸ்பரஸ் கசிவதைக் குறைக்கும். தவறாகப் போட்டால் அடிநீரை மேலே தூக்கிப் பாசிக்கு விருந்து வைத்துவிடும்.

பாக்டீரியா திரவம் கழிவை மக்கவைக்கலாம். பாஸ்பரஸ் ஒரு தனிமம், அதை எந்த உயிரும் இல்லாமலாக்க முடியாது. ஓர் உருவிலிருந்து மற்றோர் உருவுக்கு மாறி ஏரியிலேயே இருக்கும்.

படிகாரம் பாஸ்பேட்டைப் பிடிக்கும், உண்மை. ஆனால் மலைநீரில் காரத்தன்மை குறைவு. லிட்டருக்கு 40 மி.கி. படிகாரம் போட்டால் 20 மி.கி. காரத்தன்மை தீர்ந்துபோகும். நீரில் இருப்பதே அவ்வளவுதான் என்றால் பிஹெச் சரிந்து, கரைந்த அலுமினியம் மீனின் செவுளைத் தாக்கும். வரவை நிறுத்தியபின், காரத்தன்மையை அளந்து, பிஹெச் சரியாமல் காக்கும் தாங்குபொருளோடு போடக்கூடிய கடைசி மருந்து அது.

2 நவம்பர். காந்தல் வாசி
புல்கெண்டை விட்டா செடியைத் தின்னுடுமாமே?

2 நவம்பர். கரையோரம்
ஆகாயத்தாமரையை விரும்பித் தின்னாது. மென்மையான நீருக்கடிச் செடிகளைத் தின்னும், தின்ற பாஸ்பரஸை நீரிலேயே விடும், செடி போன இடத்தில் பாசி வரும். ஏற்கெனவே இருக்கும் கெண்டையே போதும். 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்த கண்ணாடிக் கெண்டை சேற்றைக் கிளறித் தின்னும் மீன். கிளறக் கிளற நீர் கலங்கும், பாஸ்பரஸ் எழும். அதன் முட்டை செடியில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே அது முட்டையிடும் நாட்களில் கரையோரச் செடியை எடுத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

29 டிசம்பர். பூங்காப் பக்கம்
விடியக்காலை ஏரிக்கரையில அழுகின முட்டை வாடை. சின்ன மீன் சிலது மிதக்குது. யாராவது விஷம் கலந்தாங்களா?

29 டிசம்பர். கரையோரம்
விஷம் என்று முடிவு செய்யும் முன் நீரைப் பாருங்கள். வெயில் மாதங்களில் ஆழமான இடத்தில் மேல்நீர் சூடு, அடிநீர் குளிர், இரண்டும் கலக்காது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு சேரும். பனி இரவுகளில் மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்க, அடிநீர் மேலே வரும். வாடை அதுதான். கழிவு ஏறாத ஏரியிலும் நீர் புரளும், ஆனால் வாடையும் சாவும் இருக்காது. இன்றே விடியலில் மேல், நடு, அடி மூன்றிலும் ஆக்சிஜனும் வெப்பமும் எடுத்து வையுங்கள். மூன்றிலும் வெப்பம் ஒன்றாக இருந்து ஆக்சிஜன் 3க்குக் கீழே இருந்தால் காரணம் அதுவே. மீனை யாரும் எடுத்துச் சமைக்க வேண்டாம்.

மலக்கிருமி பார்க்கும் கறுப்பாகும் குப்பிச் சோதனை செய்பவர்களுக்கும் ஒரு சொல். குப்பி 30 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் 24 முதல் 48 மணியில் கறுக்கும். டிசம்பரில் அலமாரியில் வைத்துவிட்டுக் கறுக்கவில்லை, நீர் சுத்தம் என்று எழுதாதீர்கள். சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள்.

18 ஜனவரி. நாயுடுபுரத்தான்
மனு போடலாம்னு இருக்கோம். சதுப்பு நில விதிப்படி கேக்கலாமா?

18 ஜனவரி. கரையோரம்
2017 ஈரநில விதிகளை மட்டும் நம்பிப் போகாதீர்கள். குடிநீருக்கென்று மனிதர் கட்டிய நீர்நிலைகளும், பொழுதுபோக்குக்கும் பாசனத்துக்கும் கட்டியவையும் அதில் விலக்கப்பட்டவை. கொடை ஏரி 1863-ல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ் கட்டியது. அந்த ஒரு வரியை வைத்தே மனுவைத் தள்ளலாம். 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு ஓடைக்கும் பொருந்தும், ஏரிக்கும் பொருந்தும், யார் கட்டினார்கள் என்று கேட்காது. அதைப் பிடியுங்கள். செப்டிக் கழிவு வண்டிகளின் உரிமத்தையும், எங்கே கொட்டுகின்றன என்ற பதிவையும் நகராட்சியிடம் தகவல் உரிமையில் கேளுங்கள்.

மனுவில் ஏரியின் அழகைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு ஓடை வாய்க்கும் ஒரு வரி: இடம், நாள், நேரம், வெட்டுப் பலகை உயரம், டிடிஎஸ், ஆய்வகப் பாஸ்பரஸ், நாளைக்கு எத்தனை கிராம். கிராம் அதிகமுள்ள வாயிலிருந்து வரிசைப்படுத்துங்கள். முதல் மூன்று வாய்களை இந்த ஆண்டுக்குள் மறிக்கக் கேளுங்கள். அதற்கு மேல் எந்தக் கோரிக்கையும் இந்த மனுவில் சேர்க்க வேண்டாம், சேர்த்தால் எளிதானதை மட்டும் செய்துவிட்டு முடித்ததாக எழுதுவார்கள்.

18 ஜனவரி, இரவு. நாயுடுபுரத்தான்
எப்ப அளக்கிறது?

19 ஜனவரி. கரையோரம்
மார்ச் கடைசி, கோடை மழைக்கு முன். காலை 7 முதல் 9 வரை, குளியலறைகள் எல்லாம் ஓடும் நேரம். ஒரு ஞாயிறு, அதே வாரத்தில் ஒரு புதன், அதே வாய்கள், அதே பலகை. ஞாயிறு எண்ணிலிருந்து புதன் எண்ணைக் கழித்தால் அந்த ஓடையில் வார இறுதிக் கூட்டம் எவ்வளவு கூட்டுகிறது என்று தெரியும். புதன் எண்ணில் ஊரின் பங்கும், எந்நாளும் தங்குபவர்களின் பங்கும் இருக்கும். இரண்டையும் மனுவில் போடுங்கள், ஒன்றை மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். பலகை வெட்ட அளவுப் படம் வேண்டுமென்றால் இங்கேயே கேளுங்கள், போடுகிறேன்.